கூண்டு நம்மிடம், காசு கம்பெனியிடம்!



முயல் வளர்க்காதீங்க என்று சொல்ல இந்த நோட்டீஸ் போடவில்லை. நிலமே இல்லாத குடும்பமும் வீட்டுப் பின்புறத்தில் வளர்க்கலாம். சினைக்காலம் 30 நாள்தான். ஈற்றுக்கு ஆறேழு குட்டி, மூன்று மாசத்தில் ஏறக்குறைய 2 கிலோ எடை. அகத்தி, வேலிமசால், மல்பெரித் தழை எல்லாம் தின்னும். ஒரு தீவனப் பயிருக்கே முயல் மசால் என்றுதானே பேர்!

நம்ம சண்டை முயலோடு இல்லை. 'குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்' என்று பத்திரம் எழுதிக் கொடுத்து யூனிட் விற்கிறார்களே, அவர்களோடு.

நமக்கு நடந்ததைச் சொல்கிறோம். 7 பெண், 3 ஆண், கூண்டு எல்லாம் சேர்த்து ஒரு யூனிட். பெண்டாட்டி நகையை அடகு வைத்து வாங்கினோம். முதல் இரண்டு ஈற்றுக் குட்டிகளை நல்ல விலைக்கே எடுத்தார்கள். அந்தக் குட்டி எங்கே போச்சு? கறிக்கடைக்கா? இல்லை. பக்கத்து ஊர்க்காரருக்குப் புது யூனிட்டாகப் போச்சு. அவர் கட்டிய பணம்தான் நம்ம கைக்கு வந்தது. புதுசாய் வாங்க ஆள் இல்லாமல் போனதும் கம்பெனி போனை எடுக்கவில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பார்த்தோமே, அதே கதைதான்.

மிச்சமிருந்த முயலும் நிற்கவில்லை. தகரக் கொட்டகையில் சித்திரை வெயில் இறங்கினால் ஆண் முயல் மலடாகிவிடும், சினை பிடிக்காது. இதை விற்றவன் சொல்லவே இல்லை. கழிச்சலில் குட்டிகள் செத்தன. மருந்து கேட்டுப் போனால், ஆட்டுக்கு இருக்கு, முயலுக்கு இல்லை என்றார்கள். கறிக்கடைக்காரரோ 'கேஸ் ஆயிடும்' என்று பயந்தார். 1972 வனவிலங்குச் சட்டத்தில் தடை காட்டு முயலுக்குத்தான். பண்ணை முயல் வேறு இனம். இதை ஊர் ஊராய்ச் சொல்ல வேண்டியது யார் வேலை?

கொடைக்கானல் மன்னவனூரிலும் ஊட்டி சாண்டிநல்லாவிலும் முயல் வளர்க்கும் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. இரண்டும் குளிர் மலை. சமவெளி வெயிலுக்கு எப்படிக் கொட்டகை போடணும் என்று ஒன்றியத்துக்கு ஒரு மாதிரிக் கூண்டு வைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்கிறோம். பாலுக்குச் சங்கம் இருக்கிற மாதிரி முயல் கறிக்கும் சங்கம் வைத்து, உள்ளூர்ச் சந்தையிலேயே விற்க வழி செய்யட்டும். 2019-ல் வந்த தமிழக ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தில் கால்நடையும் அடக்கம். பதிவு பண்ணாத பத்திரத்தை வைத்து எவனும் யூனிட் விற்காமல் தடுக்க வேண்டியது அதிகாரிகள் கடமை. நம்ம முதலைத் திருப்பி வாங்க 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போடச் சொல்லியும் கேட்கிறோம்.

பத்திரம், பணம் கட்டிய ரசீது வைத்திருப்பவர்கள் நகல் எடுத்துக்கொண்டு அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வாங்க. திங்கட்கிழமை மனு நாளில் எல்லாரும் ஒன்றாய்க் கலெக்டர் ஆபீஸ் போகிறோம். காலிக் கூண்டையும் தூக்கிக்கொண்டு வாங்க.