மிரட்டுபவனை வளர்ப்பது யார்?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுபவர் என்றாலே பலருக்கும் முகம் சுளிக்கிறது. வேலைவெட்டி இல்லாதவர், ஒப்பந்ததாரரிடம் பணம் பறிப்பவர், நல்ல அதிகாரியை நிம்மதியாக இருக்க விடாதவர் என்று பட்டியல் தயாராக இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மட்டுமல்ல, இந்தப் பக்கம் வரிசையில் நிற்பவர்களும் இதை நம்புகிறார்கள். அவர்கள் சொல்லும் பரிகாரம், எதற்காகக் கேட்கிறாய் என்ற காரணத்தைக் கட்டாயமாக்கு என்பது. இந்த எண்ணம் எவ்வளவு ஆழமானது என்றால், 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்றே மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதியது. காரணம் கேட்கவே கூடாது என்கிறது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவு. சில நாட்களிலேயே தன் உத்தரவிலிருந்து அந்தப் பகுதியை நீதிமன்றம் தானாக நீக்கிக்கொண்டது. காரணம் கேட்டால் மட்டும் யார் நின்றுவிடுவார்? பணம் பறிக்க வருபவன் 'பொதுநலன்' என்று கூசாமல் எழுதுவான். தன் தெருச் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று அறிய விரும்பும் பெண்தான், அதே அலுவலகம் படிக்கப்போகும் தாளில் 'முறைகேடு நடந்ததாகச் சந்தேகிக்கிறேன்' என்று எழுதத் தயங்குவார்.

மிரட்டுபவன் விற்பது தகவலை அல்ல, அதை வெளியே சொல்லாமல் இருப்பதை. ஒரு சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டியல் தொகை எல்லாம் ஊரார் கண்ணில் ஏற்கெனவே பட்டிருந்தால் அவனுக்கு விற்க என்ன மிஞ்சும்? 1990-களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு கூலிப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்க வாசித்தது. வேலைக்கு வராதவர்கள், இறந்தவர்கள் பெயரிலெல்லாம் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. ஊரே கேட்டுவிட்ட கணக்கை வைத்துத் தனியாக யாரையும் மிரட்ட முடியாது. சட்டத்தின் 4-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: வரவு செலவு ஒதுக்கீடு, மானியம் பெற்றோர் விவரம் உட்பட 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலேயே 120 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். அந்தக் கெடு 2005-லேயே முடிந்துவிட்டது. இன்றும் பல துறைகளின் இணையதளங்களில் கிடைப்பது மாற்றலாகிப் போன அலுவலரின் பெயர்தான்.

அரசு ஊழியர்களின் நேரம் வீணாகிறதே என்பார்கள். ஊழியர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் நேரத்தில் முக்கால்வாசியைத் தகவல் திரட்டவே செலவிடும் நிலை வரக்கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் துணைக்கு அழைப்பார்கள். அது எச்சரிக்கை, கணக்கெடுத்துச் சொன்ன புள்ளிவிவரம் அல்ல. அதே தீர்ப்புதான் மாணவர்கள் தங்கள் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உறுதிசெய்தது என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை. கேட்ட வடிவில் கொடுத்தால் வேலை மிதமிஞ்சும் என்றால் வேறு வடிவில் கொடுக்க 7(9) பிரிவு இடம் தருகிறது. கோப்பை நேரில் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஒரே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வருகிறதென்றால் பதிலை இணையத்தில் போடுவதே சிக்கனம்.

மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் உண்டா? உண்டு. அதைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டமும் எப்போதிருந்தோ இருக்கிறது. கணக்குச் சரியாக உள்ள பொறியாளர் நேரே காவல் நிலையம் போகலாம். பணம் கொடுத்துச் சமாதானமாகிறவர் ஏன் போவதில்லை என்றால், புகாரோடு கோப்பும் அங்கே போயாக வேண்டும்.