நம் வீட்டுத் தீட்டு

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி, பூப்பெய்திய எட்டாம் வகுப்பு தலித் மாணவியை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தேர்வெழுத வைத்தது. காணொளி பரவியது, நாம் கொதித்தோம், பள்ளி முதல்வர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கொதித்தது சரிதான். ஆனால் அன்று பதிவு போட்ட நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்த மூன்று நாளைக்குத் தனிப்பாயும் தனி டம்ளரும் இன்னும் இருக்கின்றன?

தனி டம்ளர் என்றதும் நமக்கு டீக்கடை ஞாபகம் வர வேண்டும். இரட்டைக் குவளைக்கு எதிராக மறியல் செய்துவிட்டு வீடு திரும்புகிறோம். தங்கை 'தூரம்' என்று திண்ணையில் சாப்பிடுகிறாள். நாம் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சேரியைப் பார்த்து ஊர் சொன்ன 'தீட்டு' என்ற அதே சொல்லைத்தான் அவளுக்கு நாம் சொல்கிறோம். கேட்டால், "பாட்டி காலத்துலேர்ந்து இப்படித்தான்." டீக்கடைக்காரரும் அப்படித்தானே சொன்னார்!

2018 சபரிமலை வழக்கில் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைக் காட்டிப் பெண்களை விலக்குவதும் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்த தீண்டாமையின் ஒரு வடிவமே என்று எழுதினார். அதே அமர்வில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா அதை மறுத்தார். 17ஆவது பிரிவை மனப்பாடமாகச் சொல்லும் நம் படிப்பு வட்டங்கள் இந்த விவாதத்தை ஒருநாளாவது எடுத்ததுண்டா?

புதுயுகம் திட்டத்தில் அரசே இலவசமாக நாப்கின் தருகிறது. பொருள் வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. நாங்கள் போகும் பள்ளிகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் பையன்களை வெளியே அனுப்புகிறார்கள். உதிர்வது கருப்பையின் உட்சுவர்ப் படலம், அதில் அசுத்தம் ஏதுமில்லை என்பதை அவன் எங்கே போய்த் தெரிந்துகொள்வான்? நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அவளுக்குச் சொல்கிறோம். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. துணி பயன்படுத்துகிறவர்கள் அதை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். வெட்கத்தில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயவைத்தால் ஈரம் போவதில்லை, தொற்றுதான் வருகிறது.

பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது என்பதை யாருமே சொல்லித்தருவதில்லை. உறையிலோ தாளிலோ நன்றாகச் சுற்றி உலர்கழிவோடு கொடுக்க வேண்டும், உறையைத் தயாரிப்பு நிறுவனமே தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. வெட்கம் விதியைப் பார்க்குமா? கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்க வருகிறவர் பெரும்பாலும் நம் சேரிக்காரர்.

அடுத்த படிப்பு வட்டத்தில் இதையே பேசுவோம். தம்பிமார்கள் எழுந்து வெளியே போக வேண்டாம்.