மேற்கோளுக்குள் ஒரு ஆள் இருக்கிறார்

முதலில் என் மேல் உள்ள வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் பக்கத்தில் கவிதை ஒன்று போட்டிருந்தார். அநேகமாக அவருடைய முதல் கவிதை. பின்தொடர்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. மழை, ஜன்னல், ஆறிப்போன தேநீர், எல்லாம் இருந்தது. நான் அதை கோட் பண்ணி மேலே ஒரு வரி போட்டேன்: “யாராவது அந்த டீயைச் சூடு பண்ணிக் குடுங்கப்பா, தமிழ்க் கவிதை பிழைச்சுப் போகட்டும்.” ராத்திரிக்குள் சில நூறு பகிர்வுகள். “தரமான சம்பவம்” என்றார்கள் நண்பர்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவருடைய பக்கமே இல்லை. என் வரி இருந்தது. அதற்குக் கீழே, கவிதை இருந்த கட்டத்தில், இந்தப் பதிவு இப்போது கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு.

ஆகவே, அடுத்தவர் பதிவின் தலைமேல் நம் கருத்தை எழுதிப் பகிரும் இந்த வசதியையே ஒழித்துவிட வேண்டும் என்று சொல்லப்போகிறேன் என எதிர்பார்க்கிறீர்களா? இல்லை. அது எனக்கு ரொம்ப சௌகரியமான முடிவு. பழி பொத்தான் மேல் விழும், நான் கை கழுவிக்கொள்ளலாம்.

ஒழித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாஸ்டடான் தளத்தை உருவாக்கியவர் 2018இல், இந்த வசதி மனிதர்களின் நடத்தையில் நஞ்சைக் கலக்கும், அதனால் தெரிந்தேதான் வைக்கவில்லை என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் வசதி இல்லாத இடத்தில் ஜனங்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்வார்கள். ஸ்க்ரீன்ஷாட் இன்னும் மோசம். முன்னால் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார், தப்பை ஒத்துக்கொண்டாரா, எதுவும் தெரியாது. போலியாகவும் செய்யலாம். கடைசியில் 2025இல் மாஸ்டடானே இந்த வசதியைக் கொண்டுவந்தது. எழுதியவருக்கு அதன் மேல் ஒரு பிடியையும் கொடுத்துத்தான் கொண்டுவந்தது. அந்தப் பிடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதிர்ப்பக்கம் நிற்பவர்களின் நம்பிக்கை வேறு. கருத்து எழுதச் சொன்னால் ஆட்கள் யோசிப்பார்கள் என்பது அது. ட்விட்டர் இதையும் சோதித்துப் பார்த்தது. 2020 அமெரிக்கத் தேர்தலுக்கு முன், அக்டோபரில், ரீட்வீட்டை அழுத்தினாலே கருத்துப் பெட்டி திறக்கும்படி மாற்றினார்கள். டிசம்பரில் பழையபடி ஆக்கிவிட்டார்கள். கூடுதலாக வந்த கோட் ட்வீட்களில் 45 சதவீதம் ஒற்றைச் சொல் ஆமோதிப்பு என்றும், 70 சதவீதம் 25 எழுத்துக்கும் குறைவு என்றும் அவர்களே சொன்னார்கள். காலிப் பெட்டியைக் காட்டினால் சிந்தனை வந்துவிடாது. பெட்டியை நிரப்ப ஏதோ ஒன்று வரும், அவ்வளவுதான்.

நம் இலக்கிய வட்டத்தில் இதற்கு இன்னொரு நியாயம் சொல்வார்கள்: “நம்ம மரபே உரை மரபுதானே? பரிமேலழகர் பண்ணினது என்ன?” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரிமேலழகர் உரை எழுதியதால் வள்ளுவர் வீட்டு வாசலில் யாரும் கூட்டமாகப் போய் நிற்கவில்லை. இன்றைய மேற்கோள் வெறும் மேற்கோள் இல்லை. அதில் ஒரு வழியும் திறந்திருக்கிறது. விரலால் ஒரு தட்டு தட்டினால் என் பின்னால் நிற்கும் கூட்டம் அந்தப் பெண்ணின் வாசலில் நிற்கும்.

மரபைப் பேசுவதென்றால் முழுசாகப் பேசுவோம். சண்டைக்கும் நம்மிடம் மரபு இருக்கிறது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தன் கொள்கையைச் சுபக்கத்தில் சொல்கிறார். அதற்கு முன் பரபக்கம் என்ற பெரும் பகுதியில் எதிராளிகளின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுக்கிறார். மறுக்க வேண்டுமென்றால் முதலில் அவன் என்ன சொல்கிறான் என்று சொல்லியாக வேண்டும். நாம் பரபக்கத்துக்கு ஒரு ஸ்மைலி போட்டுவிட்டு நேராகச் சுபக்கத்துக்குப் போகிறவர்கள்.

இன்னொன்றும் யோசிக்கலாம். குண்டலகேசி நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் எஞ்சியிருக்கின்றன. அதை எதிர்த்து எழுந்த நீலகேசி கையில் இருக்கிறது. தோற்றதாகச் சொல்லப்பட்டவளின் வாதத்தை, ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்பவளின் வாய்வழியாகத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். குண்டலகேசி காணாமல் போக நீலகேசி காரணம் என்று நான் சொல்லவில்லை. மூலம் போய் மறுப்பு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. அங்கே அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். எனக்கு இரண்டே நாள் போதுமாக இருந்தது.

அப்புறம் ஏன் வசதி வேண்டும் என்கிறேன்? மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்க வேறு வழி குறைந்துகொண்டே வருகிறது. 2020 ஆகஸ்டிலிருந்து ட்விட்டரில் யார் பதில் எழுதலாம் என்று பதிவு போட்டவரே தீர்மானிக்கலாம். ஒரு அமைச்சர் எதையாவது உளறிவிட்டுப் பதில் பெட்டியைப் பூட்டிவிட்டால், கோட் பண்ணித்தான் கேட்க முடியும். பெரிய எழுத்தாளர் ஒருவர் தன் பக்கத்தில் பெண்களைப் பற்றிக் கேவலமாக எழுதினால், அவர் ரசிகர்கள் நடுவே போய் நின்று பதில் சொல்லி அடி வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே சொல்லலாம். சின்னவன் பெரியவனை நோக்கி வீசும்போது அது விமர்சனம். அதே கல்லைப் பெரியவன் சின்னவனை நோக்கி வீசினால் அதற்குப் பேர் வச்சு செய்றது. அன்று எனக்குப் பல ஆயிரம் பேர், அவருக்கு நூறு பேருக்கும் கீழே. நான் செய்தது விமர்சனம் இல்லை.

கல் எந்தத் திசையில் போகிறது என்று பொத்தானுக்குத் தெரியாது. அடிபடுகிறவருக்குத் தெரியும். அதனால் கழற்றும் உரிமை அவரிடம் இருக்க வேண்டும். ப்ளூஸ்கை 2024 ஆகஸ்டில் இதைச் செய்தது. யாராவது உங்கள் பதிவை கோட் பண்ணினால், அதிலிருந்து உங்கள் பதிவை நீங்களே கழற்றிக்கொள்ளலாம். கோட் பண்ணவே கூடாது என்று முன்கூட்டியே பூட்டியும் வைக்கலாம்.

“அப்போ அமைச்சரும் கழற்றிட்டுப் போயிடுவாரே?” போகட்டும். அமைச்சர் சொன்னதற்கு ஸ்க்ரீன்ஷாட் போதும். போலியா நிஜமா என்று சரிபார்க்கப் பத்திரிகைகள் இருக்கின்றன, ஆயிரம் சாட்சிகள் இருக்கிறார்கள். அவர் கழற்றினார் என்பதே மறுநாள் செய்தி. அமைச்சர் இழப்பது ஒன்றுமில்லை, நாமும் பெரிதாக இழக்கவில்லை. ஆனால் நூறு பேர்கூடப் பின்தொடராத ஒருவருக்கு, அந்த ஒரு தட்டு வழி அடைபடுவதுதான் எல்லாமே. ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து, பெயரைத் தேடி, பக்கத்தைக் கண்டுபிடித்துத் திட்டுவதற்குச் சோம்பல் படுகிறவர்கள்தான் கூட்டத்தில் அதிகம். அந்தச் சோம்பலே பாதி பாதுகாப்பு.

என் வரியை எப்போதோ அழித்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க எந்த முகவரியும் இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோது அந்தக் கவிதையை நினைவுபடுத்திப் பார்த்தேன். மழை, ஜன்னல், தேநீர் என்ற மூன்று சொல் தவிர ஒரு வரிகூட வரவில்லை. நல்ல கவிதையா, மோசமான கவிதையா என்றுகூட இப்போது என்னால் சொல்ல முடியாது. நான் அதைப் படிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.