பூட்டு உறுதிதானா?

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் தலைமை ஆசிரியருக்குப் பெரிய தலைவலி டைம்டேபிள். ஒரே பீரியடில் ஒரு ஆசிரியர் இரண்டு வகுப்புகளில் இருக்க முடியாது. இரண்டு வகுப்புகள் ஒன்றாக லேபில் போய் நிற்கக் கூடாது. போட்டு முடிக்கப் பல நாள் ஆகும். ஆனால் முடித்த டைம்டேபிளில் மோதல் இருக்கிறதா என்று அரை மணியில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

விடை காண்பது கடினம்; சரிபார்ப்பது சுலபம். இந்த வித்தியாசம் உண்மையானதா? அல்லது சுலபமான வழி இன்னும் யார் கண்ணிலும் படவில்லையா? கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் மிகப் பெரிய புதிர் இது. வேகமாக விடை காணக்கூடிய கணக்குகள் 'பி' வகை. கொடுத்த விடையை வேகமாகச் சரிபார்க்கக்கூடியவை 'என்.பி.' வகை. இரண்டும் ஒன்றா, வேறா? 1971ல் ஸ்டீபன் குக் டொரன்டோவில் இக்கேள்விக்கு உருவம் கொடுத்தார். சோவியத் யூனியனில் லியோனிட் லெவின் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 2000ல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் விடைக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இதுவரை யாரும் அதைப் பெறவில்லை.

வேகம் என்பது இங்கே கம்ப்யூட்டரின் வேகம் அல்ல. 60 இடங்களில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று முடிவெடுக்க வேண்டிய கணக்கை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 100 கோடி வாய்ப்புகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 36 ஆண்டுகள் ஆகும். இன்னும் 10 இடங்களைச் சேர்த்தால் சுமார் 37,000 ஆண்டுகள். இயந்திரத்தை மாற்றிப் பயனில்லை. வழியை மாற்ற வேண்டும்.

வழி மாறியதற்கு உதாரணம் இந்தியாவிலேயே உண்டு. ஒரு எண் பகா எண்ணா என்று வேகமாகச் சோதிக்கும் முறைகள் 1970களிலேயே வந்துவிட்டன. ஆனால் அவை எல்லா எண்களுக்கும் நிரூபிக்கப்பட்ட, அதிர்ஷ்டத்தை நம்பாத முறைகளாக இருக்கவில்லை. அந்தக் குறையை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் தீர்த்தார்கள். பகா எண் சோதனை 'பி' வகையைச் சேர்ந்தது என்று அவர்கள் நிரூபித்தார்கள். 2006ல் அவர்களுக்கு கோடெல் பரிசு கிடைத்தது.

ஆனால் கான்பூர் முறை ஒரு எண் பகா எண் அல்ல என்று சொல்லுமே தவிர, எந்த எண்களைப் பெருக்கி அது வந்தது என்று சொல்லாது. அந்தக் கடினத்தின் மீதுதான் 1977ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் தங்கள் ரகசியப் பூட்டைச் செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை, பிரிப்பதுதான் பாடு. 2020ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரே ஒரு பிராசஸரிடம் விட்டிருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று பரவலாகப் பயன்படும் பூட்டுகளில் இருப்பது 617 இலக்க எண்.

எனினும், இதைப் பிரிக்க வேகமான வழி கிடையாது என்று யாரும் நிரூபித்ததில்லை. 'பி', 'என்.பி.' இரண்டும் ஒன்று என்றாகிவிட்டால் பூட்டு போயிற்று. வேறு என்று நிரூபணமானாலும் பூட்டு தப்பியதாகிவிடாது. இந்த ஒரு கணக்குக்கு மட்டும் குறுக்குவழி இருக்கலாம். குவாண்டம் கம்ப்யூட்டர் போதிய பலத்தோடு வந்தால் இந்த எண்களை வேகமாகப் பிரித்துவிடும் என்று 1994ல் பீட்டர் ஷோர் காட்டினார். அதற்கு அஞ்சியே 2024ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு புதிய பூட்டுகளுக்கு மூன்று தரங்களை வெளியிட்டது.

அவையும் வேறு கணக்குகளின் கடினத்தை நம்பியே நிற்கின்றன. அந்தக் கடினத்துக்கும் நிரூபணம் இல்லை. வங்கிக் கணக்கு முதல் அரசு ரகசியம் வரை காவல் காப்பது, பல்லாண்டுகளாக முயன்றும் யாராலும் முடியவில்லை என்ற அனுபவம் மட்டுமே.