பொது ஆய்வகங்களின் வருவாய் நிபந்தனை: எங்கள் நிலைப்பாடு

அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) ஆய்வகங்கள் தங்கள் செலவில் பாதியைத் தாங்களே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று 2015 ஜூனில் டேராடூனில் முடிவு எடுக்கப்பட்டது. அதன்பின்னும் சொந்தக் காலில் நில்லுங்கள் என்ற பேச்சு நின்றபாடில்லை. அதே நேரத்தில் தனியார் துறை ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியே இல்லாமலோ நிதி தர ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. இந்த நிலையில் சங்கம் இனியும் பேசாமல் இருப்பது சரியாகாது. தொழில்துறையோடு சேர்ந்து வேலை செய்வதை நாங்கள் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் தொழிலதிபர் அழகப்பச் செட்டியார்தான். கன்சல்டன்சி வருவாய்க்கு உச்சவரம்பு வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்பதில் செயற்குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், வருவாயை ஓர் ஆய்வகத்தின் தகுதிக்கு அளவுகோலாக்குவதை ஏற்க முடியாது என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை.

காரணத்தைப் பாலாற்றங்கரையில் பார்க்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. அந்த எண் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு. ஆலைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் நீதிமன்ற உத்தரவின்பேரில் நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தது நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் (நீரி). அதுவும் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம்தான். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமோ அதே ஆலைகளுக்குக் குரோமை மீட்கும் முறையையும் உப்பைக் குறைக்கும் முறையையும் உருவாக்கிக் கொடுத்தது. ஒரே மன்றத்தின் ஓர் ஆய்வகம் தொழிலுக்கு வழி சொன்னது. இன்னொன்று ஆற்றின் நிலையை நீதிமன்றத்துக்குச் சொன்னது. இரண்டுக்கும் சம்பளம் பொதுப்பணத்திலிருந்து வந்ததால்தான் இது நடந்தது. உப்பேறிய கிணற்றின் சொந்தக்காரர் எந்த ஆய்வகத்துக்கும் புராஜெக்ட் கொடுக்கப் போவதில்லை. அவரிடம் அதற்கான பணம் இருந்தால் முதலில் வேறு இடத்தில் நிலம் வாங்கியிருப்பார். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை ஒன்று ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் நச்சுக் கழிவைக் குவித்து வைத்துவிட்டுப் போனது. அதன் அடியில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, குரோமியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஆராய எந்த வாடிக்கையாளர் வருவார்? ஆலையே இல்லை, பில்லை யாருக்கு அனுப்புவது? கெடுத்தவர் காசு கொடுத்தால்தான் கேட்டை அளக்க முடியும் என்ற ஏற்பாட்டுக்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்திருப்பதைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. பாலாற்று மாசுக்காக அதே உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிரச்சினை உயிரோடு இருக்கிறது என்றால், அங்கே இன்னும் அளக்க வேண்டியது எவ்வளவு இருக்கும் என்பதை முடிவெடுப்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

எங்கள் விஞ்ஞானிகள் காசுக்காக முடிவை மாற்றுபவர்களா என்று உறுப்பினர்கள் சிலர் வருத்தத்தோடு கேட்டார்கள். அப்படி யாரையும் நாங்கள் சொல்லவில்லை. நேர்மையான விஞ்ஞானி பதிலை மாற்ற மாட்டார். ஆனால் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது என்பதை அவர் நிலையத்தின் வரவு செலவு தீர்மானித்துவிடும். கேட்கப்படாத கேள்விக்கு யாரும் பொய்ப் பதில் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. வரிப்பணத்தைச் செலவிட்டும் பயனில்லாத ஆய்வுதானே நடக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். சில இடங்களில் அது உண்மையாக இருக்கலாம். அதைச் சரிசெய்ய வெளிப்படையான மதிப்பீடு வேண்டும் என்றுதான் நாங்களும் கேட்கிறோம். ஆனால் 1962 தேர்தல் முதல் வாக்காளர் விரலில் வைக்கும் அழியாத மையைத் தேசிய இயற்பியல் ஆய்வகமும், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையமும் உருவாக்கியபோது, ஆண்டு வருவாய் இலக்கு எதுவும் அவற்றின் தலைமேல் தொங்கவில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிலையங்கள் சம்பாதிக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். சம்பாதிக்கின்றன, ஆனால் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு அருகே அரசின் அடிப்படை நிதி வந்துகொண்டிருக்கிறது, தொழில்துறையைச் சாராத அடிப்படை ஆய்வுக்கு மாக்ஸ் பிளாங்க் நிலையங்கள் தனியே இருக்கின்றன. உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 3 சதவீதத்தை அந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. நாம் செலவிடுவது 0.64 சதவீதம். அந்த நாட்டின் வருவாய் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த விதியைத் தாங்கி நிற்கும் நிதியை விட்டுவிட்டு வந்தால் அது எப்படி முன்மாதிரியாகும்?



ஆகவே சங்கம் கேட்பது இது. பாதி வருவாய் எதிர்பார்ப்பை எழுத்துமூலமாகத் திரும்பப் பெற வேண்டும். குடிநீர், மண், காற்று, தொழிலாளர் உடல்நலம் தொடர்பான ஆய்வுகளுக்கு எந்த நிறுவனத்தின் தயவையும் எதிர்பார்க்காத நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும். இந்த நான்கிலும் எந்த வாடிக்கையாளருடன் போடும் ஒப்பந்தத்திலும் முடிவுகளை மறைக்கும் நிபந்தனை இருக்கக் கூடாது. இதில் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற யோசனை செயற்குழுவில் வந்தது, பெரும்பான்மை ஏற்கவில்லை. ஒவ்வோர் ஆய்வகமும் யாரிடமிருந்து எவ்வளவு பெற்றது என்பதை ஆண்டறிக்கையில் பெயரோடு வெளியிட வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் எல்லாக் கிளைகளும் இந்த அறிக்கையைத் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, அவர் தரும் பதிலை எழுத்தில் வாங்கி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.