படத்தில் பதியாத பக்தர்கள்

மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்து, ‘அன்று எத்தனை அமைதி, இன்று எத்தனை இரைச்சல்!’ என்று எழுதிக் கைப்பேசியில் அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. சென்னையில் பிள்ளைகள் வசிக்கும் ஓசூர்ப் பெரியவர்கள் பலருக்கும் இத்தகைய படங்கள் வருகின்றன. பார்த்ததும் பெருமூச்சு எழுவது இயல்பே. ஆயினும் அப்படங்களைச் சற்று நிதானமாக நோக்குவது நலம்.

1850-களில் எடுக்கப்பட்ட நிழற்படங்களில் வீதிகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் காணப்படும். அன்று மக்கள்தொகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டுமன்று. அக்காலத்துக் கருவிக்கு ஒரு காட்சியைப் பதிவுசெய்யப் பல விநாடிகள் தேவைப்பட்டன. அசையாது நின்ற மதிலும் மண்டபமும் தெளிவாகப் பதிந்தன. நடந்து சென்றவர்களோ மங்கலான நிழலாயினர். அல்லது சுவடின்றி மறைந்தனர். சந்நிதிக்கு விரைந்த அடியார்களைக் கருவி காணவில்லை. அவர்கள் அங்கே இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தின் கீழ்த்திசையில் ஏறத்தாழ 120 அடி உயர்ந்து நிற்கும் இராஜகோபுரம் 1906-ஆம் ஆண்டில் எழுந்தது. அதற்கு முந்தைய படங்களில் அதனைத் தேடினால் கிடைக்காது. காலங்காலமாக நிற்பதாக நாம் கருதும் கோபுரம், நம்மில் பலருடைய பாட்டனார் காலத்தது! ஆலயமே முற்காலத்தில் கடலோரத்தில் இருந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிவுற்று, பின்னர் இப்போதுள்ள இடத்தில் எழுந்தது என்பர் வரலாற்றாசிரியர்.

அவ்வாறாயின் மாறாதது எது? பூம்பாவையை உயிர்ப்பித்த திருப்பதிகத்தில் திருஞானசம்பந்தர் மயிலையின் விழாக்களை வரிசையாகக் கூறுகிறார். அவற்றுள் பங்குனி உத்திரமும் உண்டு. இடம் மாறியது, கோபுரம் புதிதாயிற்று, வீதியில் மாட்டுவண்டி போய் மோட்டார் வந்தது. எனினும் பங்குனி பிறந்தால் அறுபத்துமூவர் உலாவைக் காண மக்கள் திரள்கின்றனர். நிலைத்தது கல்லன்று, வந்து வணங்கும் வழக்கமே. பழைய கருவி பதிக்கத் தவறியதும் அதனையே!

நம் ஓசூருக்கும் இது பொருந்தும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஊரின் முகம் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. ஆயினும் சந்திரசூடேசுவரர் தேர் புறப்படும்போது தமிழரும் கன்னடரும் தெலுங்கரும், பணி தேடி நேற்று வந்தவரும் ஒரே வடத்தைப் பற்றுகின்றனர்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் இல்லத்துப் பெட்டிகளில் பழைய தேர்த் திருவிழாப் படங்கள் இருக்கக்கூடும். அவற்றை எடுத்து, பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும், வடம் பிடித்து நிற்போர் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். தேதியிடாத காசோலையை வங்கி ஏற்பதில்லை. பெயரும் ஆண்டும் அற்ற படமும் அடுத்த தலைமுறையிடம் செல்லாது. கோபுரத்தை எவரும் அடையாளம் காண்பர். அதன் நிழலில் நின்ற நம் பெற்றோரை அடையாளம் காட்ட நாம்தான் இருக்கிறோம். அந்தப் பணியை இந்த வாரமே தொடங்கலாமே!