தூக்கிப் போடச் சொல்றவங்க கவனத்துக்கு

கொஞ்சம் சூடான பதிவு மக்களே, மன்னிச்சுக்கங்க.

பொங்கல் லீவுக்கு காரியாபட்டி வந்தப்ப கூடவே ஒரு மிக்-21 வந்துச்சு. 1/72 அளவு பிளாஸ்டிக் கிட். 1963-ல நம்ம விமானப்படையில சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்னிக்கு சண்டிகர்ல விடைபெற்ற அதே விமானம். ஆசை ஆசையா ஒட்டும்போது பசை வழிஞ்சுது. பதறிப்போய் துடைச்சேன். இறக்கை மேல என் கட்டைவிரல் ரேகை, ஆதாருக்கு வச்ச மாதிரி தெளிவா!

தெரிஞ்சவங்க நாலு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டே பதில். "அசிட்டோன் போட்டுத் துடை", "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு". இந்த ரெண்டு அறிவுரையாலதான் புதுசா வர்றவன் முதல் கிட்டோட ஓடிப் போறான்ங்கறேன்.

முதல்ல அசிட்டோன் அண்ணன்களுக்கு. கிட் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். தெர்மகோலும் அதே பொருள்தான். ஸ்கூல் ப்ராஜெக்ட் தெர்மகோல் மேல ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்க, குழி விழும். அதையா இறக்கை மேல தடவச் சொல்றீங்க? ஃபெவிக்விக் மாதிரி சயனோஅக்ரிலேட் பசையை அசிட்டோன் கரைக்கும், உண்மைதான். கூடவே விமானத்தையும் கரைக்குமே சாமி!

மாடல் சிமென்ட் ஒட்டுற பசையே இல்லை. பிளாஸ்டிக்கை இளக்கி ரெண்டு துண்டையும் ஒண்ணாக்கற கரைப்பான். அது வழிஞ்ச இடம் சேறு மாதிரி. சேத்துல கை வச்சா தடம் விழத்தான் செய்யும். அதனால முதல் வைத்தியம், கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கறது. கன்ட்ரோல் இசட் அடிச்சுப் பழகின நம்மாளுங்களுக்கு அதுதான் கஷ்டம். ரெண்டு நாள் காயட்டும். அப்புறம் பெயின்ட் கடை வாட்டர் பேப்பர், தண்ணி தொட்டு 400, 600, 1000னு வரிசையா தேய்ங்க. பள்ளம் மிச்சமிருந்தா பட்டியை மெல்லிசா வச்சு மறுபடி தேய்ங்க.

துண்டு கோணலா ஒட்டிருச்சா? காயறதுக்குள்ள அதே சிமென்ட்டை இணைப்புல லேசா ஓட விட்டா இளகும், மெதுவா பிரிக்கலாம். சயனோஅக்ரிலேட்னா ஃப்ரீசர்ல சில மணி நேரம் வைங்க. குளிர்ல அந்தப் பசை மொறுமொறுன்னு ஆயிடும், பக்கவாட்டுல லேசா திருகினா பல சமயம் விட்டுடும். (அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.) விமானி கூண்டு கண்ணாடி வெள்ளையா பூத்துப் போச்சுன்னா அது பசை ஆவி படிஞ்சது. டூத்பேஸ்ட்டை மெத்துன்னு துணியில தொட்டுத் தேய்ச்சா பெரும்பாலும் தெளியும். அடுத்த தடவை கண்ணாடிக்கு ஃபெவிகால் போடுங்க, வழிஞ்சாலும் ஈரத்துணியால துடைச்சுடலாம்.

இப்ப "வேற வாங்கு" அண்ணன்களுக்கு. காரியாபட்டியில எந்தக் கடையில போய் வாங்கறது? சரி, ஆன்லைன்ல காசு கொடுத்து வாங்கினாலும் அடுத்த கிட்லயும் பசை வழியும்ல? எங்க ஊர் டிங்கரிங் பட்டறைக்கு வேன் நசுங்கி வரும். யாரும் தூக்கிப் போடச் சொல்றதில்லை. தட்டி, பட்டி பார்த்து, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு ரோட்டுல விட்டுடறாங்க. அந்தப் பட்டறைப் பையனுக்கு இருக்கற பொறுமை, இன்ஜினியரிங் படிச்ச நமக்கு இல்லியே!

இதுல பெரிய குற்றவாளி, பளபளன்னு முடிச்ச மாடலை மட்டும் போட்டோ போடறவங்க. உங்க மாடல்லயும் பெயின்ட்டுக்கு அடியில பட்டி இருக்கு சாமிகளா. அதையும் ஒரு தடவை காட்டுங்க. புதுசா வர்றவன் பொழைச்சுப் போவான்.

டிஸ்கி: ரேகை போயிடுச்சு. தேய்ச்சதுல ரெண்டு பேனல் கோடும் சேர்ந்து போயிடுச்சு. ஊசியும் ஸ்கேலும் வச்சுக் கீறிக்கிட்டு இருக்கேன். தூக்கிப் போடலை!